ஆள் ஏறினால் வராத சத்தம்

போன மாதம் அடையாறில் என் மருமகன் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டார். மேடு பள்ளத்தில் முன்பக்கம் டொக் டொக் என்றது. கூடப் போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ரிட்டயர் ஆன மெக்கானிக்கைப் போலத் தொந்தரவு பிடித்த ஆள் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு வேறு கிடையாது. எனக்கே தெரியும். அப்படிப்பட்ட பெரியவர்களை நானும் ஒரு காலத்தில் விரட்டியிருக்கிறேன்.

வண்டியை லிஃப்டில் தூக்கினார்கள். மூட்டில் தேய்ந்துபோன ரப்பர் வளையத்தை, அதாவது புஷ்ஷை, தட்டி எடுத்தார்கள். பெட்டியிலிருந்து புதுசை எடுத்து அழுத்தினார்கள். எனக்கு வாங்கிக் கொடுத்த டீ ஆறுவதற்குள் வண்டி கீழே இறங்கிவிட்டது.

“இன்னா பெருசு, அப்டி பாக்குற? உங்க காலத்துல இதுக்கு இன்னா பண்ணீங்க?” என்றான் அங்கிருந்த மெக்கானிக்.

“குழம்பினோம்” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் உத்தியோக காலத்தில் பாதி, சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று குழம்புவதிலேயே போயிற்று. அதில் ஒரு குழப்பம் மட்டும் இன்னும் தீரவில்லை. அதை எழுதி வைக்கலாமே என்று தோன்றியது.

ராயப்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில்தான் தொழில் கற்றேன். முதலில் வண்டி கழுவினேன், பிறகு கிரீஸ் அடித்தேன், அதற்கும் பிறகு திட்டு வாங்கினேன். யுத்தம் வந்தபோது மெக்கானிக் ஆகியிருந்தேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். சொல்ல வேண்டியது எங்கள் மேஸ்திரி காதர் பாயைப் பற்றி.

காதர் பாய் திருவல்லிக்கேணிக்காரர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வருவார். போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். எப்படி என்று யாருக்கும் விளங்கியதில்லை. அவர் முன்னால் “தெரியல பாய்” என்று மட்டும் சொல்லக் கூடாது. “தெரியலன்னா வூட்டுக்குப் போ. தெரிஞ்சவுடனே வா” என்பார். அவர் காதில் எப்போதும் ஒரு சுண்ணாம்புக் கட்டி செருகியிருக்கும். ஒரு பாகத்தைச் சோதித்து, பழுதில்லை என்று முடிவு செய்தால் அதில் பெருக்கல் குறி போடுவார். போட்டபின் அதை யாரும் திரும்பத் தொடக் கூடாது. கோர்ட்டுத் தீர்ப்புக்கு அப்பீல் உண்டு, அவர் குறிக்கு இல்லை.

சத்தம் என்று ஒரு வண்டி வந்துவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். வேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் ஏறிக்கொள்வோம். காதர் பாய் ஓட்டுவார். ஒருவன் முன்னால், ஒருவன் பின்சீட்டில், நான் பின்னால் தரையில் படுத்துக் காதை ஒட்டவைத்துக்கொள்வேன். ஐஸ் ஹவுஸ் வரை போய்க் கடல் காற்று வாங்கித் திரும்புவோம். ‘சத்தம் கேட்கப் போகிறோம்’ என்பது அதற்குப் பெயர். நாலு பேருக்கு எட்டுக் காது என்பது மேஸ்திரியின் கணக்கு.

அந்த எட்டுக் காதுக்கும் ஒருதரம் மானம் போயிற்று. மாம்பலத்துக்காரர் ஒருவரின் வண்டியில் பின்னால் கடகடவென்று சத்தம். சந்தேகப்பட்டதையெல்லாம் கழற்றி மாட்டினோம். கடைசியில் பின்சீட்டைத் தூக்கியபோது அடியிலிருந்து ஒரு தேங்காய் உருண்டு வந்தது. கோயில் அர்ச்சனைத் தேங்காய், மஞ்சள் கூட அழியவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் காதர் பாயின் முதல் கேள்வி “தேங்கா பாத்தியா?” என்பதுதான்.

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் பெரிய இரும்பு உருளை ஒன்றை மாட்டி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில் எஞ்சினை ஓட்டினார்கள். கரி பிளாண்ட் என்போம். அது பொல்லாத கனம். வண்டியின் பின்புறம் தாழ்ந்து தரையில் இடிக்கும். அதற்காகப் பின்சக்கர ஸ்பிரிங்கில் இரும்புப் பட்டை ஒன்று கூடுதலாகச் சேர்த்துவிடுவோம். யுத்தம் முடிந்து பெட்ரோல் மெல்லக் கிடைக்க ஆரம்பித்ததும் பிளாண்டைக் கழற்றச் சொல்லி ஒவ்வொருவராக வந்தார்கள். கழற்றினோம். சேர்த்த பட்டையைக் கழற்றவில்லை. இரும்புக்கு அவ்வளவு தட்டுப்பாடு இருந்த காலம். வண்டியில் ஏறிய நல்ல பட்டை இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டோம்.

அப்படிப் பிளாண்ட் கழற்றிய வண்டிகளில் ஒன்று லஸ் பக்கத்து வக்கீல் ராஜகோபாலனுடையது. பெரிய கறுப்பு வண்டி. கழற்றிக்கொண்டு போன கொஞ்ச நாளில் டிரைவர் தாஸ் அதைத் திரும்ப ஓட்டிவந்தான்.

“சத்தம் வருதாம்” என்றான்.

“எங்க?”

“எனக்கு ஒண்ணும் கேக்கல. அம்மாவுக்குத்தான் கேக்குதாம்.”

அவன் சொன்ன தோரணையே சரியாக இல்லை. என்றாலும் முறைப்படி எல்லாரும் ஏறினோம். தேங்காய் இல்லை. பீச் ரோடு, ஐஸ் ஹவுஸ், லஸ் என்று சுற்றினோம். டிராம் தண்டவாளத்தின் மேல் வேண்டுமென்றே ஏற்றி இறக்கினார் காதர் பாய். தரையில் படுத்திருந்த என் மண்டைதான் இடித்ததே தவிர வண்டி வாயைத் திறக்கவில்லை.

திரும்பியதும் வண்டியை, அடியில் இறங்கி வேலை செய்யும் பள்ளத்தின் மேல் நிறுத்தினார்கள். நான் பள்ளத்தில் இறங்கிக் கடப்பாரையை ஒவ்வொரு இணைப்பிலும் கொடுத்து நெம்பினேன். ஸ்பிரிங்கின் பின்முனை வண்டிச் சட்டத்தில் நேராக மாட்டியிருக்காது; ஷாக்கிள் என்ற சின்ன இரும்புத் துண்டில் தொங்கும். அதற்குள் ஆணி மாதிரி ஒரு பின், அந்தப் பின்னைச் சுற்றி வளையமாக ஒரு புஷ். புஷ் தேய்ந்தால் பின் ஆடும், ஆடினால் இடிக்கும். அங்கேயும் நெம்பினேன். கல்லாக நின்றது. காதர் பாய் வெள்ளைச் சட்டை படாமல் குனிந்து அதிலும் குறி போட்டார். சாயங்காலத்துக்குள் வண்டியின் வயிறு முழுக்கப் பெருக்கல் குறி.

மறுபடி ஒரு நாள் தாஸ் வந்தான். மேஸ்திரியை வீட்டுக்கே வரச் சொன்னாராம் வக்கீல். காதர் பாய் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போர்ட்டிகோவில் வண்டிக்குப் பக்கத்தில் வக்கீலின் சம்சாரம் அலமேலு அம்மாள் நின்றிருந்தார். ஒல்லியான உருவம். பேச்சில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

“தினம் பார்த்தசாரதி கோயிலுக்குப் போறேன். லஸ்ல தண்டவாளத்தைத் தாண்டினதும் பின்னாடி டொக்குனு ஒரு சத்தம். கதவை யாரோ தட்றாப்ல இருக்கும். நான் சொன்னா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கறா” என்றார்.

“நான் தினம் கோர்ட்டுக்கு இதுலதானே போறேன். ஜூனியர் வரான், குமாஸ்தா வரான், கேஸ் கட்டெல்லாம் வரது. யாருக்கும் கேக்கலையே அலமேலு” என்றார் வக்கீல். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்த குரல் அது.

சரி, எல்லாருமாகப் போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. காதர் பாய் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மாளும் வக்கீலும் பின்னால். தாஸ் பக்கவாட்டுப் படியில் தொற்றிக்கொண்டான். லஸ் தண்டவாளத்தைப் போக ஒருமுறையும் வர ஒருமுறையும் தாண்டினோம். டிராம் மணி கேட்டது, பூக்காரி கூவியது கேட்டது, டொக் கேட்கவில்லை.

வீடு திரும்பி இறங்கியதும் அம்மாள் ஒன்று சொன்னார். “நீங்கள்ளாம் ஏறினா அது வராது. நான் தனியா இருக்கறச்சேதான் வரும்.”

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். காதர் பாய் கையைத் துடைக்க ஆரம்பித்தார், அதில் அழுக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அப்படி ஒரு வார்த்தையை யார் சொன்னாலும் கேட்பவர் மனம் எங்கே போகும்? என் மனமும் அங்கேதான் போயிற்று.

அம்மாள் உள்ளே போனபின் வக்கீல் எங்களை வாசல் பக்கம் அழைத்துப் போனார். அவர்களுக்கு ஒரே பிள்ளை, சம்பத். ரங்கூனில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். ஜப்பான்காரன் வந்த பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அங்கேயிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர்களில் சிலர் ஊர் வந்து சேர்ந்தார்கள். சம்பத் வரவில்லை.

“அவனுக்கு கேட்டைத் திறந்தா கொண்டியை மேலே தூக்கி டக்குனு விடற பழக்கம். இப்போ அந்தச் சத்தம் கேக்கறதுன்னு சொல்லிண்டு எழுந்து போறா. போய்ப் பார்த்தா யாரும் இல்லே. இது ரெண்டு வருஷமா நடக்கறது. இப்போ கார்லயும் ஆரம்பிச்சிருக்கு” என்றார். “தஞ்சாவூர்லேர்ந்து அவ அண்ணா வெள்ளிக்கிழமை வரார். அழைச்சுண்டு போய் அங்கேயே வெச்சுக்கறேங்கறார். அவளுக்கு இந்த ஆத்தை விட்டுப் போக இஷ்டம் இல்லே. பிள்ளை வந்தா ஆத்துல யாரு இருப்பாங்கறா. நேக்கு ஒரே ஒரு பதில் சொல்லிடுங்கோ. வண்டில சத்தம் இருக்கா, இல்லையா?”

காதர் பாய் யோசிக்கவில்லை. “வண்டில இல்ல சார்” என்றார். “வேற எங்க கீதுன்னு சொல்றதுக்கு நான் டாக்டர் இல்ல.”

வக்கீல் தலையாட்டினார். கேஸ் தோற்ற கட்சிக்காரனைப் போல நின்றார். ராயப்பேட்டைக்கு நடந்து வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த அம்மாள் பேசியதில் கோணல் ஏதும் இல்லை. எங்கே, எந்தப் பக்கம், எப்போது என்று மூன்றும் சொன்னார். சத்தம் என்று வரும் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேருக்கு அது கூடத் தெரியாது. ஆனால் ஆள் ஏறினால் ஒளிந்துகொள்ளும் சத்தம் என்று ஒன்று உண்டா?

மறுநாள் நான் செய்ததை இப்போது கேட்பவர்கள் பெரிய மூளை என்கிறார்கள். மூளையெல்லாம் இல்லை. நாம் ஏறினால் வராது என்கிறார், சரி, ஏறாமல் வெளியே நின்றுதான் பார்ப்போமே என்று தோன்றியது, அவ்வளவுதான். சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு லஸ்ஸுக்குப் போய்த் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

அம்மாளின் வண்டி வந்தது. முன்னால் தாஸ், பின்னால் அவர் மட்டும். தண்டவாளத்தில் ஏறி இறங்கியது.

டொக்.

கேட்டதா, கேட்க ஆசைப்பட்டதால் கேட்டதா என்று எனக்கே சந்தேகம். ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தினேன். “இன்னொரு தபா ஏத்தி எறக்கு நைனா” என்றேன் தாஸிடம். அவன் திருதிருவென்று விழித்தான். அம்மாள், “சொல்றதைச் செய் தாஸ்” என்றார்.

இந்தமுறை நான் ரோட்டோரம் குப்புறப் படுத்துக்கொண்டேன். யாரோ வலிப்பு என்று நினைத்து என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். டிராம் டிரைவர் மணியை அடித்துக்கொண்டு திட்டினார். வண்டி தண்டவாளத்தில் ஏறியது. கல்லாக நிற்கிறது என்று நான் சொன்ன அந்தப் பின்பக்க ஷாக்கிள் ஒரு குதி குதித்து மேலே போய், திரும்ப வந்து விழுந்தது. டொக்.

எழுந்து வண்டிக்குப் போனேன். சட்டையெல்லாம் சாணி. அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

“கேட்டதா?”

“கேட்டுதும்மா.”

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அவர் பக்கம் நின்று ஒரு மனுஷன் ‘ஆமாம்’ என்று சொல்லி எத்தனை நாளாயிற்றோ.

தாஸ் மெதுவாக என் பக்கம் சாய்ந்தான். “எனக்கும் கேக்கும்யா” என்றான். “கேக்குதுன்னா, நீ ஓட்டித்தான் வண்டி கெட்டுச்சுன்னுவாங்க. அதான் சொல்லல.” அவனை அடிக்கலாமா என்று வந்தது. ஆனால் பிள்ளைகுட்டிக்காரன், என்ன செய்வது.

வண்டியை நேரே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். காதர் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். குறி போட்ட பாகம் என்பதால் பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர் பள்ளத்தைக் காட்டவில்லை. “ஜாக்கி எடு. சக்கரத்துல வேணாம், சட்டத்துல குடு” என்றார். சட்டத்தைத் தூக்கியதும் பின்சக்கரங்கள் காற்றில் தொங்கின. கடப்பாரை தேவைப்படவில்லை. விரலால் தள்ளினேன், ஷாக்கிள் ஆடியது.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பிளாண்டின் கனம் புஷ்ஷை அரித்துத் தின்றுவிட்டது. அதே கனம் பின்னை அழுத்திப் பிடித்துக்கொண்டும் இருந்தது. பிளாண்டைக் கழற்றினோம், பிடி போயிற்று. கூடுதல் பட்டை இருந்ததால் ஸ்பிரிங் முரட்டுத்தனமாகக் குதித்தது. நாலு தடியர்கள் நாங்கள் ஏறினால் திரும்பவும் கனம், திரும்பவும் பிடி. வக்கீலின் கேஸ் கட்டுகளும் அதையே செய்தன. பள்ளத்தின் மேல் நின்றபோது வண்டியின் சொந்தக் கனமே கடப்பாரைக்கு எதிராக அழுத்தியது. ஒல்லியான ஒரு அம்மாள் தனியாக உட்கார்ந்தால் மட்டும் அது வாயைத் திறக்கும். சத்தத்தைத் தேடுகிறோம் என்று அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, சத்தம் இல்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம்.

காதர் பாய் ஷாக்கிளில் இருந்த தன் குறியைக் கட்டைவிரலால் அழித்தார். சுண்ணாம்பு வெள்ளைச் சட்டையில் பட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. “டீ சொல்லு ஏகா” என்றார் என்னிடம். அவருடன் வேலை பார்த்த காலத்தில் அவர் மன்னிப்புக் கேட்டது என்றால் அந்த டீதான்.

ரப்பர் புஷ் ஊரில் எங்கேயும் கிடையாது. பழைய கன்மெட்டல் வெண்கலத் துண்டு ஒன்றை லேத்தில் கொடுத்துக் கடைந்தோம். தேய்ந்த புஷ்ஷைத் தட்டி எடுத்தபோது அதன் ஓட்டை வட்டமாக இல்லை, முட்டையாக இருந்தது. புதுசை வைஸில் இடுக்கி, கோணாமல், கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டுச் சுத்தியலால் தட்டினால் வாய் நசுங்கும். பிறகு அந்தப் பின் விரலழுத்தத்தில் நுழைய வேண்டும், தானாக விழவும் கூடாது. காதர் பாயே நுழைத்துப் பார்த்தார், எடுத்தார், இன்னும் ஒரு மயிரிழை தேய்த்தார், திரும்ப நுழைத்தார். கூடுதல் பட்டையைக் கழற்றி மூலையில் போட்டோம். குறி எதுவும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நானே கூடப் போனேன். வண்டியில் ஏறவில்லை. அம்மாளும் தாஸும் மட்டும் லஸ் வரை போய்த் திரும்பினார்கள். நானும் வக்கீலும் போர்ட்டிகோவில் நின்றோம். அம்மாள் இறங்கினார்.

“நின்னுடுத்து” என்றார்.

வக்கீல் பெருமூச்சு விட்டார். “தப்பு எங்க பேர்லதான் அலமேலு” என்றார். “அண்ணா வந்தா சாப்பிட்டுட்டுப் போகட்டும். நீ எங்கேயும் போக வேண்டாம்.”

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் சந்தோஷமாகக் கிளம்பினேன். அப்போது அம்மாள் கேட்டார். “ஏகாம்பரம், அப்போ கேட் சத்தமும் நிஜம்தானே? அதுவும் எல்லாரும் நின்னா வராது. நான் தனியா இருந்தாத்தான் வரும்.”

இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது? இதே பேச்சைத்தான் வண்டிக்கும் சொன்னார், நாங்கள் நம்பவில்லை, அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. ஆமாம் என்று சொல்லவும் என்னிடம் ஒன்றும் இல்லை.

“பார்த்துட்டுச் சொல்றேம்மா” என்றேன்.

அவர் திருப்தியாக உள்ளே போனார். நான் கேட்டுக்குப் போனேன், வக்கீலும் பின்னால் வந்தார். கொண்டியைத் தூக்கி விட்டேன். டக் என்று விழுந்தது. ஆணி தேய்ந்திருந்தது, ஓட்டை இதிலும் முட்டையாகத்தான் இருந்தது. காற்றில் ஆடுமா என்று ஊதிப் பார்த்தேன், கேட்டை உலுக்கிப் பார்த்தேன். கொண்டி அசையவில்லை. அதற்காக ஆடாது என்று சொல்ல முடியுமா? நாங்கள் ரெண்டு பேர் அங்கே நின்றுகொண்டிருந்தோமே.

கையில் பை இருந்தது. ஒரு புது ஆணி, ஒரு சொட்டு எண்ணெய், கொஞ்சம் தோல். காற்றோ வேறு எதுவோ, சத்தமே வராமல் செய்துவிடலாம். வக்கீலும் அதைத்தான் விரும்புவார் என்று நினைத்துக்கொண்டு பையைத் திறந்தேன்.

அவர் கொண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“நேக்கும் கேக்கறது ஏகாம்பரம்” என்றார். “அவகிட்டே சொன்னதில்லே. ரிப்பேர் பண்ணிடாதே.”

பையை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.